மஞ்சள் மாத்திரை

கட்டி திரும்ப வந்திருந்தது.

டாக்டர் வானதியின் விரல்கள் அதைத் தொட்டபோது செவ்வாய்க்கிழமை முற்பகல். கமலாம்பாளின் இடது மார்பில், பழைய தழும்புக்குச் சற்றுத் தள்ளி, நகராமல் கெட்டியாக ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் வானதியே கத்தி வைத்த இடம் அது.

"என்ன டாக்டரம்மா, பேச மாட்டேங்கறீங்க?" என்றாள் கமலாம்பாள்.

வானதி கையை எடுத்துக்கொண்டாள். சின்னதாக ஏதோ தட்டுப்படுகிறது, ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றாள். கமலாம்பாள் தலையாட்டிவிட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டாள். அறுபதை நெருங்கும் பெண்மணி. நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். சொந்த நிலம், சொந்த உழைப்பு. பக்கத்தில் நின்ற கணவர் பஞ்சநதம் மட்டும் வானதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை விடாம சாப்பிடறீங்களா?"

"ஒருநாள் தவறினதில்ல. இவருதான் அட்டையிலேருந்து உரிச்சு டப்பாவுல போட்டு வைப்பாரு. ராத்திரி சாப்பாடு ஆனதும் கையில குடுத்துடுவாரு."

பஞ்சநதம் மஞ்சள் பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தன. ஒவ்வொரு முறையும் அப்படித்தான் கொண்டுவருவார். இப்படி ஒரு கணவர் எல்லாருக்கும் வாய்க்க வேண்டும் என்று நர்ஸ்களிடம் வானதி பலமுறை சொல்லியிருக்கிறாள்.

வாரக் கடைசியில் முடிவு வந்தது. புற்றுநோய்தான். அதே இடம், அதே வகை. ஸ்கேனில் உடம்பின் வேறெந்த இடத்திலும் எதுவும் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

வானதிக்கு அந்த ஆறுதல் போதவில்லை. காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் குடும்பம் மொத்தமும் முழு மார்பையும் எடுத்துவிடச் சொல்லித்தான் வந்தது. வேரோடு போகட்டும், பிறகு பயமில்லை என்றார் பஞ்சநதம். கமலாம்பாள் வாய் திறக்கவில்லை. ஆனால் அவள் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டதை வானதி பார்த்தாள். தனியாக அழைத்துக் கேட்டபோது, "இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று மெல்லச் சொன்னாள். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்து, ஐந்து வருஷம் மாத்திரை சாப்பிட்டால், முழுசாக எடுத்தவர்கள் மாதிரியே நன்றாக இருக்கலாம் என்று வானதிதான் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தாள். சொன்னதில் பொய் இல்லை. தஞ்சாவூருக்கு வந்த நாளாக அவள் அப்படி எத்தனையோ பெண்களுக்குச் செய்திருக்கிறாள். ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று விடாமல் பின்தொடர்ந்தும் வருகிறாள். மிகச் சிலருக்கே திரும்பியிருக்கிறது. அந்தச் சிலருக்கும் ஒரு காரணம் இருந்தது. இதற்குத்தான் காரணம் தெரியவில்லை.

என் கைதான் தவறிவிட்டதோ? அந்தக் கேள்வி அவளைச் சோறு தின்ன விடவில்லை.

சனிக்கிழமை காலையே பரிசோதனைக்கூடத்துக்குப் போனாள். நஜ்மா அங்கே நோய்க்கூறு நிபுணர். வானதியோடு ஒன்றாகப் படித்தவள். பழைய ஸ்லைடுகளை மறுபடி எடுத்து இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வெட்டி எடுத்த சதையின் ஓரத்தில் ஒரு கெட்ட செல்லாவது தங்கியிருந்தால் குற்றம் வானதியுடையது. சுற்றிலும் சுத்தமாக இருந்தது.

"உன் கத்தி மேல தப்பில்ல" என்றாள் நஜ்மா.

"கரண்ட் வச்சதுல?"

கேட்கும்போதே வானதிக்கு விடை தெரியும். கமலாம்பாளின் அந்தப் பக்கத்துத் தோல் இன்னும் லேசாகக் கறுத்து, தடித்து இருந்தது. ஒருநாள் விடாமல் பஸ் ஏறி வந்து வைத்துக்கொண்டாள். அதிலும் குறை இல்லை.

நஜ்மா புதிய ஸ்லைடைக் காட்டினாள். "இது ஹார்மோன் தின்னு வளர்ற ஜாதி. முதல் தடவையும் அப்படித்தான். நீ குடுத்த மாத்திரை அந்தத் தீனியை அடியோட நிறுத்தணும். இதைப் பார்த்தா வேளாவேளைக்குச் சாப்பாடு கெடச்ச மாதிரி இருக்கு. ரத்தத்தைப் பாரேன்."

பார்த்தார்கள். கமலாம்பாளுக்கு எழுதிக் கொடுத்த லெட்ரோசோல் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்கிற அந்த ஹார்மோன் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். கமலாம்பாளின் ரத்தத்தில் அது இருந்தது. மாத்திரையே தொடாத, அவள் வயசுப் பெண்ணுக்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு.

அட்டைகள் காலி. மாத்திரை உடம்பில் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கே போயிற்று?

வானதி முதலில் சந்தேகப்பட்டது மருந்துக் கடையை. போலி மாத்திரையாக இருந்தால்? அவளிடம் சிகிச்சை பெறும் இன்னொரு நீடாமங்கலத்து அம்மாளும் அதே கடையில், அதே கம்பெனி மாத்திரையைத்தான் வாங்குகிறாள். விஷயத்தைச் சொல்லி, சம்மதம் கேட்டு, அவளுடைய ரத்தத்தையும் சோதித்தார்கள். ஈஸ்ட்ரோஜன் அறவே இல்லை. மாத்திரை அசல். அந்த அம்மாள் வரும்போதெல்லாம் முட்டி வலி, விரல் வலி என்று புலம்புவாள். இந்த மாத்திரை பலருக்குச் செய்கிற தொல்லை அது.

அப்போதுதான் வானதிக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. கமலாம்பாளும் முதலில் அப்படித்தான் வலி வலி என்றாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒரு தை மாதத்தில், வராந்தாவில் முறைக்குக் காத்திருந்தபோது, மடியில் பையை வைத்துக்கொண்டு பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் பரபரவென்று ஓடின. அதைப் பார்த்துவிட்டு, உடம்பு மாத்திரைக்குப் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டவள் வானதி.

மொச்சை உரிக்கிற விரலுக்கு மாத்திரை உரித்துக் கொடுக்க ஆள் எதற்கு?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே காரை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல் மூடியிருந்தது. சரக்கு ரயில் நகர்ந்து முடிகிறவரை அவள் மனசில் இன்னொரு சந்தேகம் ஓடியது. கமலாம்பாளின் மருமகள் ஷோபனாவுக்கு நாலைந்து வருஷம் குழந்தை இல்லாமல் இருந்தது. திருவாரூரில் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று கமலாம்பாள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். லெட்ரோசோல் கருத்தரிப்பதற்கும் கொடுக்கிற மாத்திரை. மாமியாரின் அட்டை வீட்டிலேயே இருக்க, ஏக்கம் பிடித்த பெண் கை வைத்திருந்தால்?

வீட்டில் கமலாம்பாள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பஞ்சநதம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் ராம்கிக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஷோபனா மட்டும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே காபி கொண்டுவந்து வைத்தாள்.

"அத்தைக்கு மாத்திரை யாரும்மா எடுத்துக் குடுப்பாங்க?"

"முதல்ல நான்தான் குடுத்தேன் டாக்டர். அத்தைக்கு விரல் மடங்காது, அட்டையை அழுத்த முடியாது. நான் சிங்கப்பூர் போனப்புறம் மாமா."

"நீங்க போனது எப்ப?"

"அத்தை மாத்திரை ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட ஆகல."

"திருவாரூர்ல உங்களுக்கு என்ன மாத்திரை குடுத்தாங்க?"

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. ஷோபனா கெட்டிக்காரப் பெண். கேள்வி எங்கே போகிறது என்று உடனே புரிந்துகொண்டாள்.

"அத்தை மாத்திரையை நான் எடுத்துத் தின்னுட்டேன்னு நெனக்கிறீங்களா?"

ஷோபனா அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இரண்டும் ஒரே மாத்திரை என்பதை அட்டையில் பேரைப் படித்ததுமே தெரிந்துகொண்டதாகச் சொன்னாள். தனக்கு மாதத்தில் ஐந்து நாள்தான் எழுதிக் கொடுத்தார்கள். அத்தையுடையதோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகத் தன்னுடையதை பீரோவில் பூட்டி வைத்திருந்தாள்.

வானதி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். யோசித்திருந்தால் வீட்டுப்படி ஏறுவதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். ஷோபனா சிங்கப்பூரில் இருந்த காலமெல்லாம் அட்டைகள் காலியாகிக்கொண்டேதான் இருந்தன. குழந்தைக்கு ஏங்கியவள் என்பதற்காகவே ஒரு பெண்ணைத் திருடியாக்கிவிட்டோம் என்று கூசிப்போனாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்றாள்.

"பரவால்ல டாக்டர். அத்தைக்காகத்தானே கேக்கறீங்க." ஷோபனா கொஞ்சம் யோசித்தாள். "நான் ஊருக்குப் போறப்ப என்னோட ஃபோலிக் ஆசிட் சத்து மாத்திரை மட்டும் நாலஞ்சு அட்டை மிச்சமிருந்துது. அலமாரியில விட்டுட்டுப் போனேன். இப்ப வந்து பார்த்தா ஒண்ணுகூட இல்ல. காலாவதியானதுன்னு தூக்கிப் போட்டுட்டாங்களோ என்னவோ."

வானதி அத்தையின் மாத்திரை டப்பாவை எடுத்துவரச் சொன்னாள். சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஏழெட்டு மாத்திரைகள். மஞ்சள் நிறம், வட்ட வடிவம், சரியான அளவு. தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் எழுதிக் கொடுத்த மாத்திரை மேல்பூச்சோடு வழவழவென்று இருக்கும். இதில் பளபளப்பு இல்லை. நடுவில் ஒரு கோடு. விரலால் அழுத்தியதும் கோட்டோடு இரண்டாக உடைந்தது. விரல் நுனியில் மஞ்சள் மாவு ஒட்டியது.

ஷோபனா எட்டிப் பார்த்தாள். "இது என்னோட மாத்திரை" என்றாள்.

பஞ்சநதம் வயல் தலைமாட்டில் மடையை அடைத்துக்கொண்டிருந்தார். சம்பா நட்டுப் பச்சை பிடித்திருந்தது. வரப்பில் டாக்டர் நடந்து வருவதைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஐயா, டப்பாவுல இருக்கறது நான் எழுதின மாத்திரை இல்ல."

அவர் குனிந்து வாய்க்காலில் கை கழுவினார். சேறெல்லாம் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

வானதி சொல்லிக்கொண்டு போனாள். குரலை உயர்த்தவில்லை. மருமகள் இருந்தவரை கமலாம்பாளுக்கு வலி இருந்தது. மாத்திரை உரிக்கிற கை மாறியது, வலியும் போய்விட்டது. வலி போன பிறகும், விரல் மடங்கி மொச்சை உரிக்கிற அளவுக்கு வந்த பிறகும், மாத்திரையை மட்டும் அவர்தான் உரித்தார். அட்டையை மனைவி கையில் கொடுக்கவே இல்லை.

"அம்மாவே மாத்திரை வேண்டாம்னு நெனச்சிருந்தா, துப்பிட்டுப் போயிருப்பாங்க. அதே நிறத்துல இன்னொன்னைத் தேடிப் புடிச்சு டப்பாவுல போட வேண்டிய அவசியம் அவங்களுக்கு இல்ல. ஒருத்தர் ஏமாத்தணும், இன்னொருத்தர் ஏமாறணும். அப்பத்தான் மாத்தி வைக்கற தேவையே வரும். மாத்தினது நீங்கதான்."

"ஆமாம்மா" என்றார் பஞ்சநதம்.

மறுக்கவே இல்லை. வரப்பில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் தண்ணீரைப் பார்த்துச் சொன்னதுதான்.

அந்த வருஷம் கமலாம்பாளால் காலையில் எழுந்ததும் கையை மூட முடியாது. வெயில் ஏறுகிறவரை கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பாள். டம்ளரைப் பிடிக்க வராது. பாவாடை நாடாவை அவர்தான் முடிந்துவிடுவார். ஊரில் அவளுக்கு ஈடாக நாற்றுப் பறிக்க ஆளில்லை என்று பெயரெடுத்தவள். ஒருநாள் அவர் நாடாவை முடிந்துகொண்டிருக்கும்போது, ஆபரேஷன் அன்றைக்கே மொத்தமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று சொல்லி அழுதாள். மருமகள் கிளம்பிப் போனதும் ஒரு வாரம் நிறுத்தித்தான் பார்ப்போம் என்று தோன்றியது. சும்மா நிறுத்தினால் கேட்பாள். அலமாரியில் அந்த மஞ்சள் மாத்திரை இருந்தது. சத்து மாத்திரை, கெடுதல் செய்யாது என்று தெரியும். அது தீர்ந்ததும் கடையில் வாங்கினார். அசல் மாத்திரையையும் தவறாமல் வாங்கி, அட்டையிலிருந்து உரித்து இந்த வாய்க்காலிலேயே போட்டார்.

"ஒரு வாரத்துலயே கொஞ்சம் தேவலைன்னா. மாசம் ஆகறதுக்குள்ள கை மடங்கிடுச்சு. அடுப்படியில நின்னு சிரிச்சா. அதைப் பார்த்தப்புறம் அந்த மாத்திரையை எப்படிம்மா திருப்பி அவ கையில குடுக்கறது? கட்டியை எடுத்தாச்சு, கரண்டும் வச்சாச்சு. இது சும்மா ஒரு காவலுக்குத்தானேன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா."

பஞ்சநதம் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"சொன்னோமேம்மா."

சொன்னார்கள்தான். இரண்டு முறையோ மூன்று முறையோ. கதவுக்கு வெளியே கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. கமலாம்பாள் விரல்களை நீட்டிக் காட்டினாள். இந்த மாத்திரை அப்படித்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள், போகப் போகச் சரியாகும் என்று சொல்லி, வலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினாள் வானதி. அதற்கு மேல் ஒரு நிமிஷம் செலவழிக்கவில்லை.

"வேற மாத்திரை இருந்துதா?" என்று கேட்டார் பஞ்சநதம். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வயலில் வேறு யாரும் இல்லை.

"இருந்துது" என்றாள் வானதி. "மாத்திக் குடுத்திருக்கலாம். அது ஒத்துக்கலைன்னா இன்னொண்ணு. வழி இருந்துது ஐயா."

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களிலும் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு, இதனால்தான் வந்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது என்று வானதி சொன்னாள். அது உண்மை. அவருக்கு மட்டும் இல்லாமல் தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்ட உண்மை. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. கமலாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றார். தெரியாமல் இருக்க முடியாது, அடுத்த வைத்தியம் அவர்கள் உடம்புக்குத்தான், நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும் என்றாள் வானதி. சரி என்றார்.

அவரால் சொல்ல முடியவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் கமலாம்பாள் வார்டில் சேர்ந்தபோதும் சொல்லவில்லை என்று அவர் முகமே காட்டிக்கொடுத்தது. வராந்தாக் கோடியில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

சாயங்காலம் வானதி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை மார்பை முழுசாக எடுக்கிறார்கள். அது கமலாம்பாளே யோசித்துச் சொன்ன முடிவு. அதைப் பற்றிச் சில விஷயங்கள் பேசிவிட்டு, வானதி நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்திக்கொண்டாள்.

"மாத்திரை விஷயமாத்தானே?" என்றாள் கமலாம்பாள்.

வானதி நிமிர்ந்து பார்த்தாள்.

"முதல் நாளே தெரியும். பழசு நாக்குல கரையாது, வழுக்கிக்கிட்டுப் போயிடும். இது வச்சதும் மாவாக் கரைஞ்சுது. ரெண்டு மாத்திரைக்கு வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவாரு. பழசைக் குடுப்பாரு. வலி திரும்ப வந்துடும்." கமலாம்பாள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "அவரு குடுத்தாரு, நான் வாங்கிக்கிட்டேன். தப்பு வந்தா அவரோடதுன்னு விட்டுட்டு நிம்மதியா இருந்தேன். அவரு ஏமாத்திட்டாருன்னு நீங்க நெனச்சிருப்பீங்க. நான் ஏமாறல டாக்டரம்மா."

ஒருத்தர் ஏமாற வேண்டும் என்று வரப்பில் நின்று அத்தனை உறுதியாகச் சொன்னோமே என்று வானதி நினைத்தாள். ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்தவள், அந்தப் பெண்ணிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

"நீங்க வலின்னு சொன்னப்ப நான் காது குடுத்துக் கேட்டிருக்கணும்மா."

"ஆமா" என்றாள் கமலாம்பாள். "கேட்டிருக்கலாம்."

பரவாயில்லை என்று சொல்வாள் என்று வானதி எதிர்பார்த்திருந்தாள். அது வரவில்லை. வராததுதான் நியாயம் என்றும் அவளுக்குப் பட்டது.

"அவரு நாள் பூராவும் வெளியிலேயே நிக்கறாரு. தான்தான் உங்களை இந்த நெலமைக்குக் கொண்டுவந்துட்டோம்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. சரியா சாப்பிடறதும் இல்லன்னு ஷோபனா சொல்லுச்சு."

கமலாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனக்கும் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிட்டால், இத்தனை நாள் அவர் ஒருத்தராகச் சுமந்ததில் பாதி தன் தலைக்கு வரும். அதைத்தான் யோசிக்கிறாள் என்று வானதிக்குப் புரிந்தது. அவசரப்படுத்தவில்லை.

"வரச் சொல்லுங்க" என்றாள் கடைசியில்.

வானதி வராந்தாவுக்குப் போய் அவரை அழைத்தாள். பஞ்சநதம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தண்டனை கேட்க வருகிறவரைப் போல் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கமலாம்பாள் காலை மடக்கிக்கொண்டு, அவர் உட்கார இடம் விட்டாள்.

வானதி கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.